சென்சார் வாங்கும் முன் பேரிங்கைப் பாருங்கள்

மொரீசியஸ் சர்க்கரை ஆலைகளின் கொள்முதல் குழுவினருக்கு வணக்கம்.

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஃபிட்டர் நான். தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்துச் சொல்ல உங்கள் பட்டறையிலேயே ஆள் இருக்கும்.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே அதிர்வு சென்சாரை மொத்தமாக வாங்கினால் விலை படியும் என்பது உங்கள் கணக்கு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையிலும் இதே கணக்குதான். டர்பைன் கேசிங்கில் (வெளிக்கூட்டில்) மாட்டிய சென்சார் விநாடிக்கு 2 மி.மீ. என்று சாதுவாகக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி எண்ணெய் வடிகட்டியை மாற்றும்போது அடியில் வெள்ளிச் செதில் மாதிரி மினுமினுத்தது. பேரிங்கைக் கழற்றினால், உள்ளே பூசிய மெதுவான உலோகமான ஒயிட் மெட்டல் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது.

சென்சார் மேல் குற்றம் சொல்ல முடியாது. டர்பைன் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. உள்ளே அது ஆடினால் எண்ணெய் பாதியை விழுங்கிவிடும். கனத்த கேசிங் லேசில் அசையாது. ஷாஃப்டையே நேராகப் பார்க்கிற ப்ராக்ஸிமிட்டி ப்ரோப் வேண்டும், பேரிங்குக்கு இரண்டு, 90 பாகை தள்ளி. இயந்திரப் பாதுகாப்புக் கருவிகளுக்கான ஏபிஐ 670 தரநிலை கேட்பதும் அதைத்தான். ப்ரோப், கேபிள், ப்ரோப்பை இயக்கும் டிரைவர் பெட்டி மூன்றும் 5 மீட்டர், 9 மீட்டர் என்று மொத்த நீளத்துக்குப் பொருத்தி வருபவை. தொங்குகிற கேபிளை வெட்டிச் சுருக்கினால் அளவே மாறிவிடும். (வெட்டியவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்.)

கொதிகலனின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேன் வேறு ரகம். உருளைப் பேரிங், நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வையுங்கள். சக்கைச் சாம்பல் இறக்கையை அரித்துச் சமநிலை கெட்டால் 17 ஹெர்ட்ஸ் அருகே ஏறும். இங்கே பேரிங் கூட்டின் மேல், ஒரு g-க்கு 100 மில்லிவோல்ட் தரும் ஆக்ஸலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் அதிர்வு சென்சார்) போதும். ஆனால் ஸ்டட் (மரைத் தண்டு) போட்டு இறுக்குங்கள். காந்தத்தில் ஒட்டினால் பேரிங் பழுதின் உயர் அதிர்வெண் சரியாக வந்து சேராது. வெறும் 4-20 மில்லியாம்ப் மின்னோட்டச் சிக்னல் மட்டும் வருகிற சென்சார் மொத்த அளவைச் சொல்லும், என்ன பழுதென்று சொல்லாது.

அரவை உருளைக்கு நிமிடத்துக்கு நாலைந்து சுற்றுதான். அதற்கு அதிர்வு சென்சார் வாங்கும் காசில் பேரிங் சூட்டைப் பார்க்க வெப்பமானி வாங்கலாம்.

அடுத்த டெண்டரில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எதிரே பேரிங் வகை, சுற்று வேகம் என்று இரண்டு கட்டம் போடுங்கள். அரவை தொடங்கியபின் டர்பைன் நின்றால், கரும்பைத் திருப்பிவிட ஊருக்கு ஊர் ஆலை இருந்த காலம் இங்கே எப்போதோ போய்விட்டது. கட்டங்களை நிரப்ப ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் எனக்கு.

இப்படிக்கு,
ஒரு ஃபிட்டர்