சுவரில்லாமலும் பெருகும் உயிர்

அன்பு நண்பர் செல்வத்துக்கு,

நலம், தங்கள் நலமறிய ஆவல். பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே அதைக் கொல்கிறது என்றால், சுவரே இல்லாத பாக்டீரியா எப்படி உயிரோடிருக்கும் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அண்மைக்காலமாக நான் ஆசையோடு படித்துவருவதும் இதைத்தான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாக்டீரியாவுக்குள் உப்புகளும் புரதங்களும் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைபோன்ற பொருளால் ஆன சுவர். அதை அகற்றினால் சாதாரண நீரில் செல் வெடித்துவிடும். ஆனால் சுற்றியுள்ள திரவத்தில் போதிய சர்க்கரையைக் கரைத்துவைத்தால், மெல்லிய சவ்வு மட்டுமே போர்த்திய உருண்டையாக அது பிழைத்துக்கொள்கிறது. 1935இல் லண்டனின் லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் எம்மி கிளைனெபெர்கர் இத்தகைய உயிர்களை விவரித்து, அந்நிறுவனத்தின் முதலெழுத்தைக் கொண்டு எல்-வடிவம் என்று பெயரிட்டார்.

பிழைத்திருப்பதைவிட அது பெருகுவதுதான் என்னை வியக்கவைக்கிறது. வழக்கமாகப் பாக்டீரியா இரண்டாகப் பிரிய, எஃப்.டி.எஸ்.இசட். என்னும் புரதம் செல்லின் நடுவே வளையமாகத் திரண்டு வழிகாட்ட வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் எல்-வடிவத்துக்கு அந்தப் புரதமே தேவையில்லை என்பதை நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் எரிங்டன் குழுவினர் 2009இல் காட்டினார்கள். செல்லின் கொள்ளளவு கூடும் வேகத்தைவிடச் சவ்வு உற்பத்தியாகும் வேகம் மிகுந்துவிட்டால், உடலுக்குப் பெரிதான சட்டை மடிவதைப் போல, அது உருண்டை வடிவில் நிலைக்க முடியாமல் போகிறது என்று 2013இல் அவர்களே விளக்கினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டையின் ஓரத்தில் முதலில் ஒரு புடைப்பு தோன்றி, அது குழாயாக நீண்டு, பின்பு ஆங்காங்கே இறுகிச் சின்னதும் பெரியதுமான துண்டுகளாக அறுபடுகிறது. மரபுப்பொருள் கிடைத்த துண்டு வளர்கிறது, கிடைக்காதது அழிகிறது. இதைச் செய்துமுடிப்பது வெறும் இயற்பியல் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தங்கள் கேள்வியின் மருத்துவப் பக்கத்துக்கும் வருகிறேன். மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா இனம் பரம்பரையாகவே சுவரில்லாதது. அதன் சவ்வில் பல பாக்டீரியாக்களிடம் இல்லாத கொலஸ்ட்ரால் இருக்கிறது, அதையும் தான் ஒட்டிவாழும் உயிரிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. சுவரே இல்லாததால், மைக்கோபிளாஸ்மாவால் வரும் நிமோனியாவுக்குப் பெனிசிலின் பயன்படாது. புரத உற்பத்தியைத் தடுக்கும் அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றைத்தான் கொடுக்க வேண்டும். எல்-வடிவத்தின் கதை வேறு: அது மருந்து விலகியதும் சுவரை மீண்டும் கட்டிக்கொள்ளக்கூடியது. சிறுநீர்ப்பாதைத் தொற்று திரும்பத் திரும்ப வந்த முதியவர்களின் சிறுநீரில் எல்-வடிவங்கள் இருந்ததை அதே நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்டார்கள். தொற்று மீள்வதற்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்ல இது போதாது என்றாலும், பரிசோதனைக்கூடங்கள் இதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான ஊட்டக் கலவையில் எல்-வடிவம் வெடித்துவிடும் என்பதால், தேடாதவர் கண்ணில் அது படப்போவதில்லை.

சுவரும் பிரிவுக்கான புரதங்களும் தோன்றுமுன் ஆதி செல்கள் இப்படித்தான் பெருகியிருக்கும் என்று எரிங்டன் கருதுகிறார். தங்களுக்கு இது ஏற்புடையதாகத் தோன்றுகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
இளங்கோ