பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?

ஆசிரியருக்கு,

தென்கொரியா பல இன மக்களின் நாடாக மாறிவருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. இலங்கையிலிருந்து வேலை அனுமதித் திட்டத்தில் போய் ஆன்சான் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் 4 வருஷம் 10 மாதம் வேலை செய்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை வொன்கொக்-தொங் தெருவில் நடந்தால் நேபாளி, வியட்நாம்காரர், உஸ்பெக், சீனர் என்று எல்லாரும் இருப்பார்கள், கடைப் பலகைகளே நாலைந்து மொழியில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றால் "யா!" என்ற சத்தம்தான், நம்முடைய "டேய்" மாதிரி. என்னைவிட வயதில் சின்ன மேற்பார்வையாளரும் அப்படித்தான், ஒருநாள்கூடப் பெயரைக் கேட்கவில்லை. அப்புறம், பக்கத்து வீட்டுப் பாட்டி குளிர் தொடங்கினதும் ஒரு டப்பா கிம்ச்சியோடு (முட்டைக்கோஸைப் புளிக்க வைத்துச் செய்யும் கொரிய ஊறுகாய்) கதவைத் தட்டி, கையைப் பிடித்துப் பார்த்து, குளிருதா என்று கேட்பார். அதுவும் கொரியாதான்.

2008இல் வந்த பல்பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் பெரும்பாலும் கொரியரைக் கல்யாணம் செய்து வந்தவர்களுக்கானது. என்னைப் போல வேலைக்குப் போன தொழிலாளியோ முதலாளியின் சம்மதம் இல்லாமல் லேசில் வேலை மாற முடியாது. 2024 ஜூனில் ஹ்வாசொங் பேட்டரித் தொழிற்சாலைத் தீயில் இறந்த 23 பேரில் 18 பேர் வெளிநாட்டவர். அவர்களைப் பற்றியும் எழுதுங்கள், ஐயா.

ஒரு வாசகர், மட்டக்களப்பு