சார்பு வேறு, பொய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செய்திகளைத் தரும் இணையத்தளங்கள், பேஸ்புக் பக்கங்கள் பற்றிப் பேச்சு வந்தால் "அது அந்தக் கட்சிக்காரன்ட பக்கம், நம்பேலா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் குழைந்து கிடக்கின்றன. தளம் யார் பக்கம் சாய்கிறது? அது தரும் தகவல் சரியா? கட்சிக் கொடியை முகப்பிலேயே பறக்கவிடும் தளம், பிரதேச சபை வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்பதைப் பிழையின்றித் தரலாம். 'நடுநிலை' என்று நெற்றியில் எழுதிக்கொண்ட தளம் பழைய படத்தைப் போட்டு இன்றைய வெள்ளம் என்று காட்டலாம். என்னைக் கேட்டால் முன்னதே மேல். அதில் எதைக் கழித்து வாசிக்க வேண்டும் என்றாவது தெரியும்.

அமெரிக்காவில் ஆட் ஃபொன்டெஸ் நிறுவனம் வெளியிடும் ஊடகச் சார்பு வரைபடத்தில் சார்பு கிடைக்கோட்டிலும் நம்பகம் நிலைக்கோட்டிலும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. அவர்களுடைய இடது, வலது கணக்கு நமக்கு உதவாது. இங்கே சாய்வு கட்சி வழியாகவும் இனத்தின் வழியாகவும், சில வேளை ஊர் வழியாகவும் போகிறது. இரண்டையும் தனித்தனியே அளக்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மாரியில் வரும் வான்கதவுச் செய்தியைப் பாருங்கள். "சற்றுமுன்! உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறப்பு! மக்களே அவதானம்!" திகதி இல்லை. 'சற்றுமுன்' என்பது கெட்டுப்போகாத சரக்கு. மூன்று நாள் கழித்து வட்ஸ்அப்பில் வந்தாலும் அது சற்றுமுன்தான். எத்தனை கதவுகள், எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு, சொன்ன அதிகாரி யார் என்ற நான்கும் இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ ஒத்துப்பார்க்கலாம். நான்கும் இல்லாத செய்தி சரியாகவே இருந்தாலும் அதை வைத்து யாரும் மாட்டை இடம் மாற்ற முடியாது. கூடவே வரும் படத்தை கூகிள் லென்ஸில் போடுங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் அகப்படும். அகப்படாவிட்டால் அது புதிய படம் என்று ஆகிவிடாது. முன்பு இணையத்தில் ஏறாத பழைய படமாகவும் இருக்கலாம். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும் என்பதால் அவற்றைத் தேடி மினக்கெட வேண்டாம். மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது.

அடுத்து வினைமுற்று. 'தெரியவருகிறது', 'கூறப்படுகிறது', 'அறியமுடிகிறது' என்று முடியும் வாக்கியத்தில் கூறியவர் யார்? தமிழில் வினையின் கடைசியில் 'வந்தாராம்' என்பதுபோல 'ஆம்' ஒன்றை ஒட்டிவிட்டால் பொறுப்பு கழன்றுவிடும். "கைதாகிறாரா?" என்று கேள்விக்குறி போட்டால் அதுவும் வேண்டாம். ஒரு தளத்தின் பத்துச் செய்திகளை எடுத்து, பெயரோ பதவியோ சொல்லப்பட்ட மூலம் எத்தனையில் இருக்கிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். பத்தில் மூன்று கூடத் தேறாத தளத்தில் செய்தி இல்லை, கதைதான் இருக்கிறது. 'சந்தேகநபர்' முதல் நாளே 'குற்றவாளி' ஆகிறாரா என்பதையும் அதே கையோடு பாருங்கள்.

ஐந்து தளங்களில் வந்துவிட்டது, ஆகவே உண்மை என்பது அடுத்த ஏமாற்று. ஐந்திலும் 'பிரதேச செயலகம்' என்பது ஒரே மாதிரி 'பிரதேச செயலம்' என்று எழுத்து விழுந்து கிடந்தால் மூலம் ஒன்றுதான். எழுத்துப் பிழையைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை.

காணொளி உண்மையாக இருந்தும் செய்தி பொய்யாகலாம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகர முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதையில் பரவியது உண்மையான காணொளிதான். கூட்டம் சூழ்ந்து மிரட்டியபோது, சிங்களம் சரியாக விளங்காத ஊழியர் தலையாட்டியதே ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்பட்டது. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை சொன்னபோது, கடையும் பள்ளிவாசலும் ஏற்கெனவே தாக்கப்பட்டிருந்தன. காணொளியில் தெரிவது என்ன, மேலே எழுதிய தலைப்பு சொல்வது என்ன என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் இடைவெளி உடனே தெரியும்.

சார்பை அளப்பது இதைவிடக் கடினம். அது எழுதியதில் பாதி, எழுதாததில் பாதி. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் மாடு வளர்ப்போருக்கும் அங்கே வந்து பயிரிடுவோருக்கும் நடக்கும் தகராறு பற்றிய செய்தியில் ஒரு தளம் 'அத்துமீறிய குடியேற்றவாசிகள்' என்கிறது, இன்னொன்று 'விவசாயிகள்' என்கிறது. சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. விபத்துச் செய்தியில் தேவையில்லாமல் ஓட்டுநரின் இனம் தலைப்பில் ஏறுகிறதா? தன் கட்சி உறுப்பினர் கைதான கிழமையில் அந்தத் தளம் என்ன எழுதியது? அந்தக் கிழமையின் மூன்று நிகழ்வுகளை வேறு இடத்தில் குறித்துக்கொண்டு, இந்தத் தளத்தில் எவை இல்லை என்று தேடினால் சாய்வு தானாக வெளிவரும். இரண்டு பக்கத்தையும் வாசித்து நடுவை எடுத்துக்கொள்வோம் என்பது மட்டும் வேண்டாம். ஒருவர் மூன்று கதவு திறந்தது என்கிறார், மற்றவர் ஒன்றுமே இல்லை என்கிறார். ஒன்றரைக் கதவு திறந்ததா?

தளத்தைப் பற்றித் தளத்திடமே கேட்பதில் பலனில்லை. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றறிஞர் 10 பேர், மாணவர் 25 பேர், தகவல் சரிபார்ப்போர் 10 பேர் பங்குபற்றினர். முதல் இரு தரப்பில் பலர் பக்கத்தின் தோற்றத்திலும் இலச்சினையிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்போர் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பேஸ்புக்கில் இதற்குக் குறுக்குவழி உண்டு. 'பக்க வெளிப்படைத்தன்மை' பகுதியில் பக்கம் தொடங்கிய திகதி, முன்னைய பெயர்கள், நடத்துவோர் இருக்கும் நாடு ஆகியவற்றைப் பார்க்கலாம். நேற்றுவரை சினிமா ரசிகர் பக்கமாக இருந்தது தேர்தலுக்கு முந்திய மாதம் செய்திப் பக்கமாகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து நடத்துவது குற்றமில்லை. களத்தில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

பத்திரிகைகளிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. இணையத்தில் எடுத்த செய்தியை 'இணையத்தளமொன்று' என்று போடாமல், தளத்தின் பெயரையும் அது வெளியான திகதி, நேரத்தையும் அச்சிடுங்கள். அந்தத் தளம் பிறகு செய்தியைச் சத்தமின்றி நீக்கினால், அதையும் அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஊடகக் கற்கை ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.