கடலுக்கடியில் அத்தர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படமும் பார்த்தேன். அப்படியே உன் அம்மா ஜாடை. எனக்கு மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை.

துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் பார்த்தே தலை நரைத்தவன் நீ. அதனால் இதை உனக்குத்தான் எழுதத் தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கின் போர்க்கப்பல்கள் முற்றுகையிட்டிருந்தன அல்லவா? அதற்குள் நழுவி ஓடிய நீராவிக் கப்பல்களில் ஒன்று ‘மேரி செலெஸ்டியா’. பக்கவாட்டில் சக்கரம் சுழலும் வகை, லிவர்பூலில் கட்டியது. பிரிட்டனிலிருந்து வந்த சரக்கை அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் ஏற்றி, வட கரோலினாவின் வில்மிங்டனில் இறக்கிவிட்டுப் பருத்தியோடு திரும்பும். இந்த ஓட்டத்தில் கேப்டன்களுக்கு ஒரு நடைக்கு 5,000 டாலர் வரைகூடக் கிடைத்ததாம்.

இது எதிரியின் குண்டில் மூழ்கவில்லை. 1864 செப்டம்பரில் பெர்முடாவின் தென்கரைப் பாறையில் மோதிச் சில நிமிடங்களில் போய்விட்டது. வழிகாட்டியாக இருந்தவர் அந்த ஊர்க்காரர். பாறைகளை எல்லாம் தன் வீடு போலத் தெரியும் என்றாராம்! இறந்தது சமையல்காரர் ஒருவர்தான். எதையோ எடுக்க உள்ளே திரும்பிப் போனார் என்கிறார்கள்.

2011இல் புயல் மணலைக் கிளறிவிட, மூழ்கிய கப்பலின் முன்பகுதியில் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தது என்ன தெரியுமா? ஒயின், பெண்களின் காலணி, தலைவாரும் பிரஷ், மூடி திறக்காத அத்தர் புட்டிகள். லண்டனின் பீஸ் அண்ட் லூபின் கடைச் சரக்கு. அதே 1864 பிப்ரவரியில்தான் ஆடம்பரப் பொருள் இறக்குமதியைத் தெற்கு அரசு சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. ஆக, எதிரியின் முற்றுகை, சொந்த அரசின் தடை இரண்டையும் தாண்டப் பார்த்த சரக்கு. கப்பலில் யாரோ தனியாகப் பதுக்கியது என்றே எனக்குப் படுகிறது. இந்த ஓட்டக்காரர்களை வீரர்களாகப் பாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் துணிச்சலான வியாபாரிகள், அவ்வளவுதான். படைவீரனுக்குப் பூட்ஸ் இல்லாத காலத்தில் அத்தர் வந்துகொண்டிருந்தது.

அந்த வாசனையைப் பகுத்தாய்ந்து பெர்முடாக் கடையொன்று 2014இல் மறுபடி தயாரித்து விற்றது. ஒயினுக்கு அந்த யோகம் இல்லை. 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் திறந்து சுவைத்தவர்கள், நண்டுத் தண்ணீர், பெட்ரோல், உப்புநீர், வினிகர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உன் காலத்தில் பட்டியலில் இல்லாமல் வந்தவை பற்றி ஒருநாள் விவரமாக எழுது. அப்புறம், தை மாதம் நீ இங்கே வருவது உறுதிதானே? ராஜியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
கண்ணன்