மார்கழிப் புகைக்கு மலை வழிவிடாது

தாமிரபரணியின் மேல்கரை ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களாக இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

காற்று கெடுவது தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் உள்ள பிரச்சினை என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. மேற்கே பொதிகை, நடுவே ஆறு, சுற்றிலும் வயல். அப்புறம் என்ன கவலை என்று நீங்களும் கேட்கலாம். ஆனி, ஆடியில் அந்தப் பேச்சு சரி. அப்போது செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேற்கிலிருந்து மேல்காற்று பாய்ந்து வருகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்றில் எந்தப் புகையும் நிற்காது. தார்ப்பாய் மூடாமல் ஓடும் எம்-சாண்ட் லாரிகளின் தூசிதான் அந்த மாதங்களின் தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை அதையும் கழுவிவிடும்.

மழை ஓய்ந்த பிறகுதான் சிக்கல். மார்கழி, தை இரவுகளில் மேகம் குறைந்து தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அங்கேயே தங்க, அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையின் சரிவுகளில் குளிர்ந்த காற்றும் இரவில் இறங்கி நம் பள்ளத்தில் வந்து சேர்கிறது. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று மெல்ல வந்தாலும் மேற்கே மலை மறிக்கிறது. பானைக்கு மூடி போட்ட மாதிரிதான். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை அந்த மூடி திறக்காது.

சரியாக அந்த நேரத்தில்தான் நாம் தீ வைக்கிறோம். விடிவதற்குள் தெருக்கூட்டிய சருகும் பாலித்தீன் பைகளும் முக்குக்கு முக்கு எரிகின்றன. கோலம் போடுபவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் வெளியே இருக்கும் நேரம் அது. இளைப்பு உள்ள என் அம்மா அந்த மாதங்களில் காலையில் ஜன்னலைத் திறப்பதில்லை. போகியன்று டயரும் சேர்ந்துவிடும். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் சில வயல்களில் மிஞ்சிய தாளுக்குச் சாயங்காலம் தீ வைக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் தரை மறுபடி குளிரத் தொடங்கும். அந்தப் புகை ராத்திரி முழுக்க ஊருக்குள்ளேயே கிடக்கும்.

தூய்மைப் பணியாளர்களை நான் குறை சொல்லவில்லை. ஏழு மணிக்குள் தெரு சுத்தமாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அள்ளிப்போக வண்டி தராவிட்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக்கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு மன்றத்துடையது.

இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள் ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டும் 24 மணிநேரச் சராசரி. மதியக் காற்று சுத்தமாக இருந்தால் விடியற்காலை நாம் சுவாசித்தது சராசரியில் மறைந்துபோகும். அதனால் அளக்கும் கருவி ஒன்றை நம் ஊர்களிலேயே வைத்து, மணிக்கு மணி அளவைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

மார்கழி பிறக்கும் முன்னால் ஒரு கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். சருகை மட்க வைக்க வார்டுக்கு ஒரு குழி, அள்ள ஒரு வண்டி, வைக்கோல் கட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க விவசாயிகளுக்கு உதவி. இவை பெரிய செலவு இல்லை. குப்பைக் கிடங்குக்கு இடம் பார்க்கும்போது மேல்காற்று, வாடைக்காற்று இரண்டின் திசையையும் பார்த்து முடிவெடுங்கள். ஆடியில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். குழி வெட்ட எங்கள் தெருவில் இடம் இருக்கிறது, ஆளும் வருவோம்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தெருவாசி ஒருவர்