ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போலத்தான். வலி வலி என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். இரண்டு தடவை சரிம்மா சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம், நீ பத்தாவது படிக்கும்போதிருந்து எனக்குத் தெரியும். இதை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வியாழக்கிழமை பேசும்போது, உன் நூலகத்துக்கு ஆறரை மணிக்கு மேல் ஓர் ஆள் வருகிறார், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆரம்பித்தாய். யாருடி அது என்று நான் கேட்பதற்குள் "அங்க மழையாம்மா?" என்றாய். இங்கே மழை பெய்து பத்து நாளாகிறது. முப்பத்தொரு வருஷம் நானும் அப்படி ஒரு நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தவள். அங்கிருந்து ஒருத்தி பேச்சை மாற்றினால் எனக்குப் புரியாதா?

நம்முடைய வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. பேங்க்கில் வாசலில் காவலாள் இருக்கிறார். ரேஷன் கடையில்கூட எடை போட இன்னொருவர் உண்டு. கிளை நூலகத்தில் திறப்பது, கூட்டுவது, பேப்பர் அடுக்குவது, புத்தகம் எடுத்துக் கொடுப்பது, முத்திரை குத்துவது, கணக்கு எழுதுவது, பூட்டுவது எல்லாம் ஒரே ஆள். உள்ளே வருகிறவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்கவும் முடியாது. 1948-இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறார்கள், அந்த இடம் ஊருக்கே சொந்தம். ஃபேன் காற்றுக்கு வருகிற பெரியவரும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவரும், தினத்தாள் மேல் தலை வைத்துத் தூங்குகிறவரும் நம் வாசகர்கள்தான். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. எல்லோரையும் சந்தேகப்படு என்று சொல்ல நான் எழுதவில்லை. அப்படிச் சந்தேகப்படுகிறவள் நூலகராக இருக்க முடியாது.

நம் சீர்காழிக்காரர், நூலகவியல் மேதை ரங்கநாதன் கதை உனக்குத் தெரியும், படிப்பிலேயே வந்திருக்கும். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர், சில வாரங்களிலேயே அந்தத் தனிமை தாங்காமல், என்னைப் பழையபடி கணக்கு வாத்தியாராகவே விட்டுவிடுங்கள் என்று போய் நின்றார். லண்டனுக்கு அனுப்பி, அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்த பிறகுதான் மனசு மாறியது. அவருக்குத் தனிமை என்றால் சலிப்பு, அவ்வளவுதான். 1931-இல் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். புத்தகத்துக்கு விதி இருக்கிறது, வாசகருக்கு இருக்கிறது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்றக்கூட ஒரு விதி இருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி ஒன்றும் இல்லை. நூலகர் தினமான ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவர் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் இதைச் சொல்லி அவரோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். பெரிய மனிதர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் ஸ்டூல் கதையைச் சொல்கிறேன். என் கணுக்கால் ஏன் மழைக்கு வலிக்கிறது என்று சின்ன வயசில் கேட்பாய், "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

2003, இருப்பு சரிபார்க்கிற சமயம். காலை வேலை நேரம் பதினொன்றுக்கு முடிய இன்னும் கால் மணி இருந்தது. பேப்பர் படிக்க வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மேல் தட்டில் பைண்டு செய்த பழைய வார இதழ்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவற்றை இறக்க மர ஸ்டூலில் ஏறினேன். அதில் ஒரு கால் ஆடும் என்பது தெரியும், அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தேன். அந்த அட்டை நழுவிவிட்டது. நான் மூன்றாவது ரேக்குக்கும் நான்காவது ரேக்குக்கும் நடுவில் விழுந்தேன், என் மேல் இரண்டு வால்யூம். வலது பாதம் எந்தப் பக்கம் பார்க்கக் கூடாதோ அந்தப் பக்கம் பார்த்தது.

கத்தினேன். நூலகத்துக்குப் போன் கிடையாது, என்னிடம் செல்போனும் கிடையாது. மதியம் முழுக்க நூலகம் பூட்டியிருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பேன் என்று ஊருக்கே தெரியும். அதனால் நாலு மணி வரை யாரும் வர மாட்டார்கள். மூத்தவர்கள் யாராவது கடந்துபோனால்கூட, கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் ஒரு பேப்பரின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கத்துவேன், மணி சத்தத்திலேயே என் சத்தம் போய்விடும். ரேக்கின் அடித்தட்டில் ஒட்டடை, இதைச் சுத்தம் செய்யாமல் விட்டோமே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். பைத்தியம்!

என்னைக் கண்டுபிடித்தது ஆறாம் வகுப்புப் பையன். புத்தகம் கொடுக்கவேண்டிய தேதி தாண்டிப்போனதால், நான் இல்லாத நேரம் பார்த்துக் கதவு இடுக்கில் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு வந்தவன், கதவு திறந்திருக்கவே உள்ளே வந்திருக்கிறான். என் செருப்பு ஒன்று ரேக்குக்கு வெளியே கிடந்ததைப் பார்த்து எட்டிப் பார்த்தான். "டீச்சர், ஃபைன் எவ்வளவு?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. எதிரே இருந்த தையல்காரரைக் கூட்டிவரச் சொன்னேன். அவனுடைய தாமதக் கட்டணத்தை நானே கட்டி ரசீதும் போட்டேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது, விழுந்ததைவிட விழுந்தது யாருக்கும் தெரியாமல் போவதுதான் கொடுமை என்பது. கால் கட்டுப் பிரித்த பிறகு அப்பா ஒரு நோக்கியா 1100 வாங்கிக் கொடுத்தார். தினமும் காலை பூட்டியதும் ஒரு மிஸ்டு கால், இரவு ஏழு மணிக்குப் பூட்டியதும் ஒரு மிஸ்டு கால். ஏழேகால் வரை வரவில்லை என்றால் அவர் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு தடவை நான் மறந்துபோய், இவர் மூச்சிரைக்க வந்து நின்றபோது எரிச்சல்பட்டிருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

உனக்கு அப்பா எழுபது மைல் தள்ளி இருக்கிறார், டிவிஎஸ் 50-இல் வர முடியாது. அதனால் அந்த ஊரிலேயே ஒருவரைப் பிடி. உன் வாசகர் வட்டத் தலைவர் யார்? புரவலராகச் சேர்ந்தவர்களில் நூலகத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர் யார்? நீ சொன்னாயே, எதிரே இட்லிக் கடை போடும் அக்கா, அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. நம்பர் வாங்கி எனக்கு அனுப்பு. உன் மிஸ்டு கால் எனக்கு வரவில்லை என்றால் நான் அந்த அக்காவைக் கூப்பிடுவேன், அவர் நாலு எட்டில் வந்து பார்ப்பார். இதில் உனக்கு வெட்கம் வேண்டாம்.

கழிவறை விஷயமும் கேட்கவேண்டும். உன் கட்டடத்தில் இல்லை என்றாய். நான் முதல் ஊரில் இரண்டு வீடு தள்ளிப் போவேன், அதற்குத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டேன். நீ அப்படிச் செய்யாதே. 'இதோ வருகிறேன்' என்று ஓர் அட்டை எழுதி கேட்டில் மாட்டி, பூட்டிவிட்டுப் போ. பத்து நிமிஷத்தில் எந்த வாசகருக்கும் குடி முழுகிவிடாது. கழிவறை கேட்டு எழுத்தில் விண்ணப்பமும் கொடு, நகல் வைத்துக்கொள்.

உன் மேசை எங்கே இருக்கிறது? படத்தில் பார்த்தால் கடைசி மூலையில், கதவுக்கு முதுகு காட்டி இருக்கிறது போலத் தெரிகிறது. கதவுப் பக்கமாக இழுத்துப் போடு. வருகிறவரை நீ பார்க்கவேண்டும், வேண்டுமென்றால் நீதான் முதலில் வெளியே போக முடியவேண்டும். பூட்டும்போதுதான் நாம் ரொம்ப அசட்டையாக இருப்போம். குனிந்து கீழ்க்கொண்டியைத் தேடிக்கொண்டு, தோளில் பை சரிய, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். வெளி விளக்கு எரிகிறதா என்று பார். எரியவில்லை என்றால் உன் காசில் பல்பு போடு, பிறகு பில் கொடு. பில் வராது, தெரியும். பரவாயில்லை.

இனி அந்த ஆளைப் பற்றி.

1999-இல் எனக்கும் ஓர் ஆள் இருந்தார். ஊரில் மரியாதையானவர், நூலகத்துக்கு நாலு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். ஆறரை மணிக்கு மேல்தான் வருவார். கேட்கிற புத்தகம் எப்போதும் கடைசி ரேக்கின் அடித்தட்டில்தான் இருக்கும். நான் குனிந்து எடுத்து நிமிர்ந்தால் இரண்டு ரேக்குக்கு நடுவில் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். தொடமாட்டார். "வழி விடுங்க சார்" என்றால் சிரித்துக்கொண்டே ஒரு பக்கமாகத் திரும்புவார், அவரை உரசாமல் வெளியே வர முடியாத அளவுக்கு. கேட்டால் என்ன சொல்வது? நின்றார் என்று சொல்வதா? சிரித்தார் என்று சொல்வதா?

மேலே ஒருவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "பெரிய மனுஷன், நாற்காலி கொடுத்தவரு. அனுசரிச்சுப் போம்மா. வாசகர் வருகை குறைஞ்சா உனக்குத்தான் கேள்வி வரும்" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை. எழுதிக் கொடுக்கவில்லை. இடமாற்றம் கேட்டு எட்டு மாதம் காத்திருந்து, கிடைத்ததும் வந்துவிட்டேன். விண்ணப்பத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். நீ அப்போது கைக்குழந்தை, உன்னைத்தான் காரணமாகக் காட்டினேன்.

எனக்குப் பதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இருபத்துநாலு வயசுப் பெண். ஆறு மாதம் கழித்து மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கூட்டம். சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நீங்க இருக்கும்போது அவரு அங்க வருவாரா?" என்றாள். பேரைச் சொல்லவில்லை. நான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "யாரு? எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை, வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். அவள் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. தட்டைப் பிடித்திருந்த கை மட்டும் நினைவிருக்கிறது.

இதை அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். இன்றைக்கே ஒரு நோட்டு போடு. தேதி, மணி, அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், அப்போது வேறு யார் இருந்தார்கள். படிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்றால் அதையே எழுது. அற்பமாகத் தோன்றும், எழுது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் யாரையும் உள்ளே உட்காரவிடாதே, அவரையும். உன்னிடம் வேண்டாத பேச்சு பேசினால், "இது எனக்குப் பிடிக்கவில்லை, பேசாதீர்கள்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல். சிரித்துக்கொண்டே சொல்லாதே, நமக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்னாலேயே வந்து திரும்பத் திரும்பப் பேச முயல்வது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். அடித்தட்டுப் புத்தகம் கேட்டால், "நீங்களே எடுத்துக்கோங்க சார்" என்று நாற்காலியிலேயே இரு. எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை.

பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்க 2013 சட்டம் இருக்கிறது. வெளியிலிருந்து பணியிடத்துக்கு வருகிறவர்களாலும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது வேலை கொடுத்தவரின் கடமை என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது. நீ போலீசில் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவதும் அவர்கள் பொறுப்பு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கென்று மாவட்ட அளவில் ஒரு குழுவும் உண்டு. இந்தச் சட்டத்துக்கு முன்னோடி 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விசாகா தீர்ப்பு. அந்த வழக்குக்குக் காரணமான பன்வாரி தேவி, ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போய், அதற்காகப் பாலியல் வன்முறைக்கு ஆளான அடிமட்டப் பணியாளர். அவரும் ஊருக்குள் தனியாகத்தான் வேலை பார்த்தார். 1999-இல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேப்பரில் வந்திருக்கும், நான்தான் அதை ஸ்டாண்டில் மாட்டியிருப்பேன்.

போனில் காவல் உதவி செயலியைப் போட்டுக்கொள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் முதல் பக்கத்தில் வை. மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதும் கடிதத்தை எனக்கு முதலில் அனுப்பு, மொழியைத் திருத்தித் தருகிறேன். அலுவலகத் தமிழ் உனக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறைதானே, இந்த வாரம் ஊருக்கு வந்து போ. வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பா ஓர் அலுமினிய ஏணி வாங்கி வைத்திருக்கிறார், நாலு படி. பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டாராம். உன் ஸ்டூலை இனிமேல் தொடாதே.