ஃபுஷியாச் செடியில் கத்தரிக்கோல் வைக்க எதற்குப் பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மலைப் பிரதேசச் செடிகளைப் பற்றி வந்த கட்டுரையில் ஃபுஷியாவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம்தான், தமிழில் இந்தச் செடியைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. ஆனால் பூச்செடி என்பதால் இதற்குக் கிளைகளை வெட்டிவிடுகிற கவாத்து வேண்டாம், காய்ந்த இலையைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட மனம் வரவில்லை. நீங்கள் போட்ட படத்தையே ஒருமுறை பாருங்கள். கம்பு கம்பாக நீண்டு, அடியில் ஒரு இலைகூட இல்லாமல், நுனியில் மட்டும் நாலு பூ தொங்குகிறது. கவாத்து செய்யாத ஃபுஷியா எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

விஷயம் இதுதான். ஃபுஷியா புதிதாக வருகிற குச்சியில்தான் பூக்கும். போன வருடத்துப் பழுப்புக் கட்டையில் நேராகப் பூ வராது. அதிலிருந்து தளிர் கிளம்பி, அந்தத் தளிர் நீள நீள, ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஜோடி ஜோடியாக மொட்டு வைத்துக்கொண்டே போகும். ஆக எத்தனை புதுத் தளிரோ அத்தனைக்குப் பூ. தளிரை அதிகமாக்க என்ன வழி என்றால் நுனியை எடுப்பதுதான். நுனி இருக்கிற வரைக்கும் அதில் உண்டாகிற ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கிக் கணுக்களில் இருக்கிற கிளை மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கும். நுனி போனால் அவையெல்லாம் விழித்துக்கொள்ளும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தேயிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கிள்ளத்தானே தளிர் வருகிறது? நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து என்று மொட்டையடித்த தோட்டத்தைப் பார்த்து, ஐயோ செடியெல்லாம் போச்சே என்று இங்கே யாரும் அழுவதில்லை. அதே ஆட்கள்தான் வீட்டு வாசலில் தொட்டியில் இருக்கிற ஃபுஷியாவைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்!

இன்னொன்று. இதை இங்கிலாந்துப் பூ என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக்காரர்கள் வளர்த்துப் பிரபலமாக்கினார்கள் என்பது சரி, சொந்த ஊர் அதுவல்ல. ஷார்ல் ப்ளூமியே என்கிற பிரெஞ்சுத் துறவி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் இதைப் பார்த்து, 1566இல் இறந்துபோன லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்கிற ஜெர்மன் மருத்துவரின் பெயரை இதற்கு வைத்தார். நூற்றுச் சொச்சம் இனங்களில் பெரும்பாலானவை தென் அமெரிக்காவில், அதுவும் ஆண்டிஸ் மலையின் ஈரமான குளிர்ந்த காடுகளில் வளர்பவை. கொஞ்சம் நியூசிலாந்திலும் உண்டு. ஊர்க்கதை எதற்கு என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. நம் தோட்டத்து ஃபுஷியாக்கள் பலவற்றுக்கு மூதாதையான மகெல்லானிக்கா என்கிற இனம் சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியிலிருந்து வந்தது. அங்கே பனியில் மேல்பாகம் கருகிப்போனாலும் அடியிலிருந்து திரும்பக் கிளம்பும். அயர்லாந்தின் மேற்கே, கெர்ரி, கார்க் பக்கமெல்லாம் சாலையோர வேலியே இந்தச் செடிதான். வேலியை எப்படி வெட்டுவார்களோ அப்படித்தான் வெட்டுகிறார்கள், வெட்ட வெட்டச் சிவப்பாகப் பூத்துக் குலுங்குகிறது. இதைப் போய் வெட்டினால் செத்துவிடும் என்று பயப்படுவது அநியாயம்.

சரி, எப்படி வெட்டுவது, எப்போது வெட்டுவது?

பெரிய கவாத்து வருடத்துக்கு ஒருமுறை, உறைபனி முடிந்த பிறகு. குன்னூரில் ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கலாம். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் இருப்பவர்கள் பிப்ரவரி நடுவாகும்வரை பொறுப்பது நல்லது, ஏனென்றால் வெட்டியதும் வருகிற இளந்தளிர்தான் பனிக்கு முதலில் கருகும். அதுவரை பனியில் கருகின நுனிகள் அசிங்கமாகத் தெரிந்தாலும் அப்படியே இருக்கட்டும், கீழே இருக்கிற உயிருள்ள கணுவுக்கு அவைதான் மூடாக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வீட்டில் அந்த அளவுக்கு வேண்டாம், தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டால் போதும்.

வெட்டுவதற்கு முன் குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் அது விறகு. மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள், பச்சை தட்டுகிற இடத்திலிருந்துதான் கணக்கு. விறகையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு உள்பக்கம் ஒன்றோடொன்று உரசுகிற குச்சிகள், ஈர்க்குச்சி போல் மெலிந்தவை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மிச்சம் இருக்கிற நல்ல கிளைகளில் ஒன்றோ இரண்டோ ஜோடிக் கணுவை விட்டுவிட்டு மேலே இருப்பதை வெட்டுங்கள். கணுவுக்கு மேலே ஒட்டியே வெட்ட வேண்டும். நீளமாக விட்டால் அந்த மொட்டைக் குச்சி அழுக ஆரம்பித்துக் கணு வரைக்கும் இறங்கிவிடும். கத்தரி கூராக இருக்க வேண்டும், காய்கறி நறுக்குகிற கத்தியால் நசுக்கி நசுக்கி அறுக்காதீர்கள். வெட்டி முடித்ததும் செடியைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். இருக்கட்டும்.

இதற்கு அப்புறம் செய்கிற தவறில்தான் செடி போகிறது, பழி மட்டும் கத்தரி மேல் விழுகிறது. இலையே இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. பாவம் என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண் மேலாகக் காய்ந்தால் கொஞ்சம், குச்சிகள் மேல் காலையில் லேசாகத் தெளிப்பு, அவ்வளவுதான். தளிர் ஒரு அங்குலம் வந்த பிறகு வழக்கம்போல ஊற்றலாம். தொட்டி மாற்ற வேண்டியிருந்தால் இதே சமயத்தில் செய்துவிடுங்கள்: பழைய மண்ணை உதறி, பழுப்பேறின வேரை நறுக்கி, தொழுவுரம் கலந்த பொலபொலப்பான மண்ணில் வையுங்கள். வெட்டின அன்றைக்கே உரத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது நுனி கிள்ளுவது. செடி புதராக அடர்த்தியாவது இதில்தான், ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். புதுத் தளிர் மூன்று ஜோடி இலை விட்டதும், உச்சியில் மடங்கி நிற்கிற அந்தக் குட்டிக் கொழுந்தை மட்டும் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுங்கள். ஒரு சாண் நீளம் வளரவிட்டு அதைக் கத்தரிப்பது வேறு, அது செடியின் நாட்களை வீணாக்குவது. மூன்று ஜோடி இலை என்றால் ஆறு இலை, ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் ஒரு கிளை, ஆக ஆறு கிளை. அவை ஒவ்வொன்றும் இரண்டு ஜோடி விட்டதும் திரும்பக் கிள்ளினால் இருபத்து நாலு. எல்லாக் கணுவும் சொன்ன பேச்சு கேட்காது, பதினைந்து இருபதாவது வரும். ஒரே குச்சியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில்!

ஆனால் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூ வராது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடைசியாகக் கிள்ளிய நாளிலிருந்து, ஒற்றை அடுக்கு இதழ் வகைகள் பூக்க ஏறக்குறைய எட்டு ஒன்பது வாரம் எடுக்கும், பாவாடை மாதிரி அடுக்கடுக்காக இருக்கிற வகைகளுக்குப் பதினொரு பன்னிரண்டு வாரம். குளிர், வெயிலைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகலாம். நீளக் குழல்பூ கொத்துக் கொத்தாக வருகிற ட்ரிஃபில்லா வகைகளுக்கு இன்னும் அதிகம், மூன்று மாதத்துக்கும் மேல் போகும். ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் வீட்டிலும் பூ நிற்க வேண்டும் என்றால் மே நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒற்றை வகையை மார்ச் நடுவோடு கிள்ளுவதை நிறுத்த வேண்டும், அடுக்கு வகையைப் பிப்ரவரிக் கடைசியோடு. அதனால் பிப்ரவரியில்தான் கவாத்து செய்ய முடிகிற ஊட்டிக்காரர்கள் அடுக்கு வகையை மே மாதத்துக்கு எதிர்பார்க்கவே வேண்டாம். தாழ்வாரத்துக்குள் வைத்து ஜனவரியிலேயே வெட்டியிருந்தால்தான் உண்டு. ஒற்றை வகைக்குக்கூட ஒருமுறை கிள்ளத்தான் நேரம் இருக்கும். குன்னூர், கோத்தகிரி ஆட்களுக்கு இரண்டு முறை கிடைக்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் கத்தரியைத் தூக்குபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: அது அவர்கள் ஊர் வசந்தத்துக்கான கணக்கு, நமக்கு அப்போது சீசனே தொடங்கிவிடுகிறது.

தென்மேற்குப் பருவமழையில் எப்படியும் பூ ஊறி அழுகும். மே பூ ஓய்ந்ததும், ஜூன் ஜூலையில் மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து, நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள், செப்டம்பர் அக்டோபரில் இரண்டாம் சீசனுக்குத் திரும்பப் பூக்கும். கொட்டுகிற மழையில் வெட்டாதீர்கள், வெட்டுவாயில் சாம்பல் பூஞ்சணம் உட்கார்ந்துகொள்ளும். பூ உதிர்ந்தபின் காம்பில் ஒரு கரும்பச்சை உருண்டை நிற்கும், அதுதான் காய். இதழ் விழுந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் அதையும் சேர்த்துக் கிள்ள வேண்டும், காய் பழுக்க ஆரம்பித்தால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பழுத்தால் கறுஞ்சிவப்பாகும், சாப்பிடலாம், பெரிய ருசி ஒன்றும் இல்லை. மொட்டை இரண்டு விரலால் அமுக்கி டப் என்று உடைக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் என்ன கவாத்து செய்தும் பயனில்லை, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

கிள்ளியதில் இளம் பச்சையாக, இரண்டு மூன்று ஜோடி இலையோடு, மொட்டு இல்லாமல் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து அதில் குத்தி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். பழுப்புக் கட்டையை நட்டால் சீக்கிரத்தில் வேர் வராது. உறவுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பையில் ஒளித்துக் கொண்டுவருகிற குச்சிகளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். பிரேசிலில் இருந்த ஒரு நுண்சிலந்தி 1981இல் கலிபோர்னியாவுக்கும், அப்புறம் ஐரோப்பாவுக்கும், 2007இல் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்து, ஃபுஷியாவின் நுனியெல்லாம் கட்டி கட்டியாக வீங்கிச் சுருண்டு பூவே வராமல் ஆக்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அது வந்த தோட்டத்தில் கவாத்து அழகுக்காக நடப்பதில்லை, வீங்கின பாகத்தையெல்லாம் வெட்டி எரிக்கிறார்கள்.

சமவெளி வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மே மாதம் மேலே வந்து ஆளுக்கொரு தொட்டி வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு இறங்கப்போகிறார்கள். மதுரையிலும் சென்னையிலும் இதற்குக் கவாத்து ஒரு வைத்தியம் அல்ல. முப்பது டிகிரியை நெருங்கினாலே மொட்டைக் கொட்டும், ராத்திரியும் சூடு தணியாவிட்டால் செடியே போய்விடும். ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறையில் தாராளமாக வைக்கலாம். கோயம்புத்தூர்க்காரர்கள் நவம்பரில் வாங்கி, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்துப் பிப்ரவரி வரை அனுபவிக்கலாம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வெயிலைக் கொஞ்சம் தாங்குவது 1905இல் ஜெர்மனியில் உருவாக்கிய கார்ட்டன்மைஸ்டர் போன்ஸ்டெட் மாதிரியான ட்ரிஃபில்லா வகைகள்தான், அதுவும் கொஞ்சமே கொஞ்சம். விற்கிறவர் "எங்கே வேண்டுமானாலும் வரும் சார்" என்றுதான் சொல்வார்.

உங்களிடம் கேட்பது இரண்டு. தோட்டக் குறிப்பு போடும்போது எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்று ஒரு வரி சேருங்கள். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே குறிப்பு ஒத்துவராது. அப்புறம், மே மாதம் பூங்காவில் பூவைப் படமெடுக்க உங்கள் ஆட்களை அனுப்புகிறீர்கள் அல்லவா, ஒருமுறை பிப்ரவரியிலும் அனுப்புங்கள். தொட்டி தொட்டியாகக் கவாத்து செய்கிற, நுனி கிள்ளுகிற தொழிலாளர்களின் கையைப் படமெடுத்துப் போடுங்கள். நான் இத்தனை நீளமாக எழுதியதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். ஃபுஷியா குறிப்புக்குத் திருத்தம் போடுவதாக இருந்தால் ஜனவரி முடிவதற்குள் போட்டுவிடுங்கள், மார்ச்சில் போட்டால் அடுத்த வருடத்துக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகி